அப்டேட்டுக்குப் பிறகு மாடிக் கணினியிலிருந்து பிரிண்ட் போகவில்லை, 11பி பிழை வருகிறது. உதவுங்கள்

பட்டறைக் கணக்கு:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கணக்கு வழக்கு முழுவதும் நான்தான் பார்க்கிறேன். கீழே கடையில் ஒரு கணினி, மாடியில் எடை போடும் இடத்தில் இன்னொன்று. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கீழ்க் கணினியில் யுஎஸ்பி வயரில் இருக்கிறது. அதை ஷேர் செய்து மாடியிலிருந்தும் பிரிண்ட் கொடுப்போம். வேலைக்கு வெள்ளி எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு சீட்டு, கொலுசாகத் திரும்பி வரும்போது ஒரு சீட்டு. எடை, சேதாரம், கூலி எல்லாம் அதில் இருக்கும். இரட்டைத் தாளில் ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு.

கீழ்க் கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தவர் அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார், வருடக்கணக்கில் அப்படியே ஓடியது. 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று ஆடிட்டர் அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் விண்டோஸ் 11-க்கு மாற்றி, நிலுவையில் இருந்த அப்டேட் எல்லாவற்றையும் போட்டோம். உண்மையைச் சொன்னால் நல்லதுதான் நிறைய நடந்தது. அடிக்கடி அறுந்துகொண்டிருந்த வைஃபை நிலையாக நிற்கிறது. தூங்கப் போன கணினி எழுந்திருக்காமல் கறுப்பாக நிற்பதும் போய்விட்டது.

ஆனால் அன்றிலிருந்து மாடியிலிருந்து பிரிண்ட் போகவில்லை. பிரிண்டரை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் இணைக்க முடியவில்லை என்று வந்து, பிழை எண் 11பி என்று முடிகிறது. கீழிருந்து கொடுத்தால் சுத்தமாக வருகிறது. மாடியில் இருப்பது விண்டோஸ் 7. எடை மெஷின் சீரியல் வயரில் அதில்தான் மாட்டியிருக்கிறது. தட்டில் கொலுசை வைத்ததும் எடை நேராகத் திரையில் விழும். அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை, அதனால் அந்தக் கணினியைத் தொடவே பயமாக இருக்கிறது.

தை முகூர்த்த ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். சீட்டைக் கையால் எழுதுகிறோம். ஒருவர் எழுதிய 1 இன்னொருவர் கண்ணுக்கு 7 ஆகத் தெரிந்தால் ஆறு கிராமுக்குத் தகராறு வரும். யாராவது வழி சொல்லுங்கள்.

நெத்திமேடு ஜெராக்ஸ்:

அக்கா, அப்டேட்டை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தி வையுங்கள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். 2021 மார்ச்சில் வந்த அப்டேட்டில் சில பிராண்டு பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்ததுமே நீலத்திரை வந்தது. அதைச் சரிசெய்ய அவசர அவசரமாக இன்னொன்று விட்டார்கள். 2025 தொடக்கத்தில் சில யுஎஸ்பி பிரிண்டர்கள் யாரும் கேட்காமலே தாள் தாளாகக் கிறுக்கல் எழுத்துகளை அடித்துத் தள்ளின. அதுவும் அப்டேட்டில் வந்ததுதான். கடை திறந்ததும் பத்துப் பேர் ஹால் டிக்கெட் எடுக்க நிற்பார்கள். ஒரு குறையைச் சரிசெய்ய வந்தது இன்னொன்றைக் கெடுத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

குகை சர்வீஸ்:

தம்பி சொன்ன இரண்டும் நடந்தவைதான், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இவர்களுக்கு வந்திருப்பது வேறு. இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள், பழைய கணினி இத்தனை நாள் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 11பி என்று தேடினால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரு கணினி இன்னொன்றில் இருக்கும் பிரிண்டரைக் கேட்கும்போது, இரண்டு பக்கத்து ஸ்பூலரும், அதாவது பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விண்டோஸ் பகுதியும், பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு முன்பு பூட்டில்லாமல் நடந்தது. அதே நெட்வொர்க்கில் நுழைந்த ஒருவன் நடுவில் நின்றுகொண்டு, இன்னொருவரின் உள்நுழைவை அப்படியே ஸ்பூலருக்குக் கடத்திவிட்டு, அந்தக் கணினியில் தன் நிரலை ஓட்ட முடியும். கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன ஓட்டை அது, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் பதிவு எண் சிவிஇ 2021-1678. மைக்ரோசாஃப்ட் அதை இரண்டு கட்டமாக அடைத்தது. 2021 ஜனவரி அப்டேட்டில் பூட்டைக் கொடுத்தார்கள், ஆனால் கட்டாயமாக்கவில்லை. 2021 செப்டம்பர் 14 அப்டேட்டிலிருந்து அது கட்டாயம். பிரிண்டர் மாட்டியிருக்கும் கணினி, பூட்டோடு பேசினால்தான் பதில் சொல்லும்.

உங்கள் பட்டறை வழக்கத்திலேயே சொன்னால், கையெழுத்து வாங்காமல் இனி வெள்ளி கொடுப்பதில்லை என்று கீழ்க் கணினி முடிவு செய்துவிட்டது. மாடிக் கணினிக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை. விண்டோஸ் 7-க்குப் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்தது. காசு கட்டி நீட்டித்தவர்களுக்கு மட்டும்தான் பிறகு வந்த திருத்தங்கள் கிடைத்தன. அதனால் இந்தத் திருத்தம் உங்கள் மாடிக்கு வந்தே இருக்காது.

அப்டேட்டை எடுப்பது இங்கே உதவாது. மாதாமாதம் வருவது முந்தைய எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வரும் தொகுப்பு. ஒன்றை எடுத்தால் அந்த மாதத்துத் திருத்தங்கள் மொத்தமும் போகும், அடுத்த மாதம் திரும்ப வந்து உட்காரும். அதுவும் விண்டோஸ் 11-இல் 2021-இன் பூட்டு பிறக்கும்போதே இருக்கிறது.

ஏற்காடு எஸ்டேட்:

எங்களுக்கும் இதே 11பி வந்தது, 2021-லேயே. எஸ்டேட் அலுவலகத்தில் எல்லாமே விண்டோஸ் 10தான். பிரிண்டர் இருந்த கணினி அப்டேட் ஆகிவிட்டது, காபி எடை எழுதும் கணினி ஆகவில்லை. மலையில் மழைக்காலத்தில் சிக்னல் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பெரிய அப்டேட் பாதியில் நின்று முதலிலிருந்து ஓடும். பில் அடிக்க முடியாமல் நாங்கள் திட்டாத திட்டில்லை. கடைசியில் சேலத்துக்கு இறங்கியபோது அந்த அப்டேட்டைத் தனிக் கோப்பாக மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக்கில் இறக்கி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து அதில் போட்டோம். இரண்டும் ஒரே நிலைக்கு வந்ததும் பிரிண்டர் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது, வேறு எதையும் தொடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் எல்லாக் கணினியும் 10 அல்லது 11 ஆக இருந்தால், முதலில் எல்லாவற்றையும் முழுமையாக அப்டேட் செய்து பாருங்கள். விண்டோஸ் 7 உள்ளவர்கள் விஷயம் வேறு, அதைக் குகை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

அஸ்தம்பட்டி:

இதற்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். கீழ்க் கணினியில் ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) திறந்து, பிரிண்ட் என்ற பகுதியில் அந்தப் பூட்டுக்கான மதிப்பைப் பூஜ்யமாக வைத்து, ஸ்பூலரை நிறுத்தித் தொடங்குங்கள். ஐந்து நிமிட வேலை. வீடியோக்களில் எல்லாம் இதைத்தான் காட்டுகிறார்கள்.

குகை சர்வீஸ்:

ஐந்து நிமிடத்தில் பிரிண்ட் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது, அடைத்த ஓட்டையைக் கையால் மறுபடி திறந்து வைப்பது. எந்தக் கணினியில்? வங்கி, ஜிஎஸ்டி, மொத்த வெள்ளிக் கணக்கு எல்லாம் இருக்கும் கணினியில். அதே நெட்வொர்க்கில் மாடியில் ஆறு வருடமாகத் திருத்தம் கிடைக்காத விண்டோஸ் 7 வேறு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. வேறு வழியே இல்லாத இடத்தில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இவர்களுக்கு வழி இருக்கிறது.

அக்கா, மாடிக் கணினியில் இப்படிச் செய்யுங்கள். பிரிண்டர் சேர்க்கும்போது நெட்வொர்க் பிரிண்டர் என்று கொடுக்காமல், லோக்கல் பிரிண்டர் என்று கொடுங்கள். போர்ட் கேட்கும் இடத்தில் புதிய போர்ட், வகை லோக்கல் போர்ட். பெயர் கேட்கும். இரண்டு பின்சாய்கோடு, கீழ்க் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பிரிண்டரின் ஷேர் பெயர். நடுவில் இடைவெளி வேண்டாம். ஷேர் பெயரில் இடைவெளி இருந்தால் கீழே போய் அதைச் சின்னதாக மாற்றிவிட்டு வாருங்கள். டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், ஏற்கெனவே மாடியில் இருக்கும், பட்டியலில் இருந்து அதையே தேர்ந்தெடுங்கள். இந்த வழியில் மாடிக் கணினி கீழே இருக்கும் ஸ்பூலரோடு அந்தப் பழைய முறையில் பேசாது. ஃபைல் அனுப்புவதுபோலத் தாளின் தரவை மட்டும் அனுப்பும். பூட்டைத் தொட வேண்டாம்.

பட்டறைக் கணக்கு:

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடியே செய்தேன். போர்ட் பெயரை எழுதி ஓகே கொடுத்ததும் அனுமதி மறுக்கப்பட்டது என்று வருகிறது. கீழ்க் கணினியை மாடியிலிருந்து திறந்து பார்த்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. முன்பு எதுவும் கேட்காமலே திறக்கும். கீழே நாங்கள் உள்ளே போகப் போடும் நான்கு இலக்க எண்ணைக் கொடுத்தால் தவறு என்கிறது.

குகை சர்வீஸ்:

இதுவும் அப்டேட்டில் வந்த இறுக்கம்தான், நல்லதுக்கு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ரோ வகை போட்டிருந்தால் ஷேரிங்கில் போகும் ஒவ்வொரு தகவலுக்கும் அனுப்பியவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை கட்டாயம், அதனால் பெயர் சொல்லாத விருந்தாளியாக யாரும் உள்ளே வர முடியாது. உங்கள் நான்கு இலக்க எண் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் செல்லும், நெட்வொர்க் வழியாகச் செல்லாது.

கீழ்க் கணினியில் பிரிண்டுக்கென்று தனியாக ஒரு லோக்கல் பயனரை உருவாக்குங்கள். சாதாரணப் பயனர் போதும், அட்மின் உரிமை வேண்டாம். நல்ல கடவுச்சொல் ஒன்று வையுங்கள். பிறகு மாடியில் கீழ்க் கணினியைத் திறந்து, பெயர் கேட்கும்போது கணினியின் பெயர், பின்சாய்கோடு, அந்தப் பயனரின் பெயர் என்று கொடுத்து, நினைவில் வைத்துக்கொள் என்பதை டிக் செய்யுங்கள். அதன் பிறகு போர்ட்டை உருவாக்குங்கள்.

நெத்திமேடு ஜெராக்ஸ்:

அண்ணா, ஒரு கேள்வி. இதெல்லாம் திருத்தம் என்றால், நிறுவும்போதே மாடிக் கணினி இனிமேல் பிரிண்ட் கொடுக்காது என்று தமிழில் ஒரு வரி காட்டக் கூடாதா? 11பி என்று மட்டும் காட்டினால் எங்களைப் போன்றவர்கள் அப்டேட்டை நிறுத்தாமல் என்ன செய்வோம்?

குகை சர்வீஸ்:

இதில் நான் முழுக்க உங்கள் பக்கம் தம்பி. பூட்டு போட்டது சரி. பூட்டு போட்டிருக்கிறோம் என்று கடைக்காரருக்குப் புரியும்படி சொல்லாதது சரியில்லை. 2021-இல் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் பிரிண்டர் போய்விட்டது என்று புதிதே வாங்கிவிட்டுத்தான் வந்தார்கள். அந்தச் செலவு வீண். ஆனாலும் நிறுத்தி வைக்காதீர்கள். பயமாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் வரும், நம் ஊரில் அது பெரும்பாலும் இரவாகிவிடும். ஹால் டிக்கெட் வாரத்தில் தள்ளிப் போடுங்கள், கூட்டம் குறைந்ததும் போடுங்கள்.

பட்டறைக் கணக்கு:

வந்துவிட்டது! தனிப் பயனர் உருவாக்கி, கடவுச்சொல்லை நினைவில் வைக்கச் சொல்லி, போர்ட்டைச் சேர்த்ததும் சோதனைத் தாள் கீழே ஓடிய சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. பிறகு எடை மென்பொருளிலிருந்தே சீட்டு அடித்துப் பார்த்தேன், எடை, சேதாரம், கூலி எல்லாம் கட்டத்துக்குள் சரியாக விழுகிறது. ரெஜிஸ்ட்ரியைத் தொடவே இல்லை. அஸ்தம்பட்டி சார், நீங்கள் உதவத்தான் சொன்னீர்கள், அதற்கும் நன்றி.

ஒரு சின்னக் குறை. கீழே தாள் தீர்ந்தாலும் மாடியில் எதுவும் காட்டுவதில்லை, அனுப்பியாகிவிட்டது என்றே காட்டுகிறது.

குகை சர்வீஸ்:

இந்த வழியில் அது அப்படித்தான் அக்கா. தாள், ரிப்பன் நிலவரம் மாடிக்குத் திரும்பி வராது. அடுத்த முறை பிரிண்டர் வாங்கும்போது லேன் போர்ட் உள்ளதாகப் பார்த்து ரவுட்டரில் நேராக மாட்டிவிடுங்கள். அப்போது இரண்டு கணினியும் அதனிடம் தனித்தனியாகப் பேசும், ஷேரிங்கே தேவைப்படாது.

இன்னொன்று. ரவுட்டரில் மாடிக் கணினிக்கு மட்டும் வெளி இணையத்தைத் தடை செய்துவிடுங்கள். எடை போடவும் பிரிண்ட் கொடுக்கவும் உள் நெட்வொர்க் போதும். எடை மென்பொருள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை ஒரு முறை முழுதாக இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல், எடுத்து வையுங்கள். அது பழைய டிஸ்க், என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது.

பட்டறைக் கணக்கு:

ஞாயிறு பட்டறை லீவு. அன்றைக்கு இமேஜ் எடுத்துவிடுகிறேன். ரவுட்டர் பக்கத்தில் தடை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் இங்கேயே கேட்கிறேன் அண்ணா.