ஆச்சி வீட்டுக் கூட்டம்: வாட்ஸ்அப் குழு

வியாழன், இரவு 8:51

சுடலைமுத்து பெரியப்பா: ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையனார் கோயிலுக்கு வேன் பேசியாச்சு. யார் யார் வாரியன்னு பேரு போடுங்க. கடைசி நேரத்துல கால் வலி, தல வலின்னு சொல்லப்படாது

ராஜி: போன வருசத்துக் கணக்கே இன்னும் வரல பெரியப்பா 😄

சுடலைமுத்து பெரியப்பா: எழுதி வச்சிருக்கேன். வரும்

கோமதி: செல்வி சித்தி இருக்கியளா. குட்டிக்கு உடம்பு சுடுது. சாயங்காலத்துலருந்து பாலும் சரியா குடிக்கல

லட்சுமி: நான் அப்பவே சொன்னேன் தெனமும் தலைக்கு ஊத்தாதீங்கன்னு. யாரு கேக்கா

செல்வி சித்தி: அக்கா கொஞ்சம் இரு. கோமதி, தெர்மாமீட்டர் வச்சியா, கையால தொட்டுப் பாத்ததா?

கோமதி: கையாலதான் சித்தி. அம்மா ஸ்வெட்டரு, குல்லா எல்லாம் போட்டு போத்தி வச்சிருக்காவ

செல்வி சித்தி: முதல்ல அதையெல்லாம் கழட்டு. ஒத்தத் துணி போதும். போத்தி வச்சாலே பிள்ளைக்குச் சூடு ஏறும், எது காய்ச்சல் எது போர்வைச் சூடுன்னு தெரியாது. பத்து பதினஞ்சு நிமிசம் கழிச்சு அக்குளை நல்லாத் துடைச்சுட்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனி அக்குள் குழிக்குள்ள உக்காருத மாதிரி வச்சு, கையை உடம்போட அணைச்சுப் பிடி. பீப் அடிக்கிற வரைக்கும் எடுக்காத. நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா கம்மியாத்தான் காட்டும்.

ராஜி: மயினி, குட்டிக்கு எத்தனை நாள் ஆச்சு இப்ப?

கோமதி: 53

மாரியப்பன் மாமா: மருந்து எதும் குடுத்துராத

லட்சுமி: 53 நாளாச்சு, இன்னும் பிள்ளைய நம்ம வீட்டுக்குக் கொண்டு வரல

ராஜி: எம்மா!! இப்பமா அது

ராஜி: ஆச்சி சொல்லுதாவ: 45 நாள் ஊசி போட்டதுக்கு வந்த காய்ச்சலா இருக்கும், தேங்கா எண்ணெயில சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சுல தடவச் சொல்லு

செல்வி சித்தி: சூடம் வேண்டவே வேண்டாம். கைப்பிள்ளைக்குத் தோல் வழியா உள்ள போனாக்கூட வலிப்பு வரும். ஆச்சிட்ட நான் அப்புறம் பேசுதேன். ஊசி என்னைக்குப் போட்டது?

கோமதி: போன புதன்

செல்வி சித்தி: இன்னைக்கு வியாழன். அப்ப எட்டு நாளாச்சு. அந்த 45 நாள் ஊசி, பெண்டாவேலன்ட், அதுக்கு வர்ற காய்ச்சல் போட்ட அன்னைக்கோ மறுநாளோ வரும், ரெண்டு நாள்ல அடங்கிரும். எட்டாம் நாள் வந்தா ஊசி மேல பழி போட முடியாது. இது வேற

9:14

கோமதி: 100.9 காட்டுது சித்தி

செல்வி சித்தி: கிளம்பு.

சங்கர் (மஸ்கட்): 100.9 தானே சித்தி. பெரிய காய்ச்சல் இல்லையே? காலைல டாக்டர்ட்ட காட்டலாம்லா

செல்வி சித்தி: இல்ல சங்கர். மூணு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 தொட்டாலே அன்னைக்கே, அந்த நேரத்துலயே டாக்டர் பாக்கணும். ரெண்டு மாசத்துக்குள்ள 99.5 தொட்டாலே எங்களுக்கு ட்ரெய்னிங்ல ‘அனுப்பு’ன்னுதான் சொல்லிக் குடுத்தாவ. அக்குள்ல பாக்கிறது உள்சூட்டை விட அரை டிகிரிலருந்து ஒரு டிகிரி கம்மியாத்தான் காட்டும், அதையும் சேத்து யோசி. பெரிய பிள்ளைன்னா கழுத்து வெறைக்கும், தல வலிக்குன்னு சொல்லும். இந்த வயசுல மூத்திரத்துல கிருமி, ரத்தத்துல கிருமி, மூளைக்காய்ச்சல் எதுன்னாலும் வெளிய தெரியுத ஒரே அடையாளம் காய்ச்சல் மட்டுமா இருக்கலாம். அதுவும் பால் குடிக்காம இருக்கு. காலைல வரைக்கும் வைக்கக் கூடாது

செல்வி சித்தி: இன்னொண்ணு. சூடு மட்டும் இல்ல, 95.9-க்குக் கீழ சில்லுன்னு இருந்தாலும் இதே அவசரம்தான். காய்ச்சல் விட்டுட்டுன்னு நினைச்சு நிறைய பேரு அங்கதான் ஏமாறுதாவ

சுடலைமுத்து பெரியப்பா: *அதிகம் பகிரப்பட்டது* குழந்தை காய்ச்சலுக்கு வெங்காயத்தை வட்டமாக நறுக்கி உள்ளங்காலில் வைத்துக் கட்டவும்…

ராஜி: 🤦‍♀️

மாரியப்பன் மாமா: அத்தான், அத அழிங்க

கோமதி: வீட்டுல அக்கா மகனுக்கு வாங்குன பாராசிட்டமால் சிரப் இருக்கு மாமா. வழியில சூடு ஏறாம இருக்க ஒரு மூடி குடுக்கவா

மாரியப்பன் மாமா: பாட்டில்ல என்ன போட்டிருக்கு? 120-ஆ 125-ஆ 250-ஆ?

கோமதி: 250

மாரியப்பன் மாமா: குடுக்காத. கணக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். குட்டி நாலரை கிலோ, அப்ப 67 மில்லிகிராம்தான். அந்த சிரப்பு 5 மில்லியில 250 இருக்கு. 5 மில்லி மூடி நிறைய ஊத்துனா கிட்டத்தட்ட நாலு மடங்கு. கைப்பிள்ளைக்கு விக்கிற சொட்டு மருந்து ஒரு மில்லியிலயே 100. எல்லாம் ஒரே பேருல, ஒரே மாதிரி அட்டைல வரும். மருந்துக் கடையில தெனமும் இதுக்குத்தான் சண்டை. டாக்டர் பாக்காம இந்த வயசுக்கு எதுவுமே வேண்டாம். காய்ச்சல் அடங்கிட்டுன்னா அங்க போய் என்னத்தக் காட்டுவ?

மாரியப்பன் மாமா: நிமெசுலைடு, மெஃபனமிக், ஆஸ்பிரின் எதும் கிட்டயே வரப்படாது. நிமெசுலைடு 12 வயசுக்குக் கீழ தடை பண்ணுனது 2011-ல. இன்னும் கேக்க வாராவ

செல்வி சித்தி: கோமதி, கிளம்பும்போதே மூச்சை எண்ணு. சட்டையத் தூக்கி வயிறு ஏறி இறங்குறதப் பாத்து முழு ஒரு நிமிசம். அரை நிமிசம் எண்ணி ரெண்டால பெருக்கக்கூடாது, இந்த வயசுல மூச்சு நின்னு நின்னு வரும். ரெண்டு மாசத்துக்குள்ள 60 தொட்டாலே இன்னொரு தடவை எண்ணு, அப்பவும் 60-ஓ அதுக்கு மேலயோன்னா வேகம்தான். நெஞ்சுக்கூட்டுக்குக் கீழ குழி விழுதா, உச்சிக்குழி அழாதப்பவும் புடைச்சு நிக்கா, தொட்டா மட்டும் அசையுதா, உதடு நீலமா இருக்கா, பச்சையா வாந்தி எடுத்தாளா? கடைசியா எப்ப மூத்திரம் போனா?

கோமதி: மூச்சு 52. ரெண்டாம் தடவை 54. குழி இல்ல. உச்சிக்குழி சாதாரணமாத்தான் இருக்கு. மூத்திரம் நாலு மணிக்கு

சங்கர் (மஸ்கட்): 108 கூப்பிடவா? இங்கருந்து போகுமா

ராஜி: நீ அங்கருந்து என்ன கூப்பிடுத. மயினி அவுங்க அண்ணன் கார் இருக்குல்லா

செல்வி சித்தி: எது முதல்ல வருதோ அதுல ஏறு. துவண்டு போனாலோ, வெட்டு வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறுனாலோ 108 தான், அதுல ஆக்சிஜன் இருக்கும். கல்லிடைக்குறிச்சிலருந்து ஆத்தத் தாண்டுனா அம்பை அரசு ஆஸ்பத்திரி. முதல்ல அங்க போ. அவுங்க பாத்துட்டு திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனா மறுப்பு சொல்லாத. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கோ. நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப் போ, முழிச்சிருந்தா பால் குடு. அசந்து கிடந்தா வாயில திணிக்காத, புரை ஏறிரும்

லட்சுமி: நானும் வாரேன். சுடலைமுத்து அண்ணாச்சிய வண்டி எடுக்கச் சொல்லுங்க

சுடலைமுத்து பெரியப்பா: வண்டி சர்வீஸ்ல நிக்கி

ராஜி: வேன் பேசுதவருக்கு வண்டி இல்லயாம் 😐

9:31

கோமதி: கார்ல ஏறிட்டோம்

ராஜி: சித்தி, நம்ம பெரியவளுக்கு ரெண்டு வயசு. அவளுக்கும் 100.4 தானா?

செல்வி சித்தி: இல்ல. மூணுலருந்து ஆறு மாசம் வரைக்கும் 102-ன்னா அன்னைக்கே காட்டணும். அதுக்கு மேல நம்பர விட பிள்ளையப் பாரு. சூடு இறங்குனதும் விளையாடுதா, தண்ணி குடிக்கா, மூஞ்சியப் பாத்துச் சிரிக்கான்னா ஒரு நாள் பொறுக்கலாம். 104 தாண்டுனாலோ, மூணு நாள் விடாம அடிச்சாலோ, எட்டு மணி நேரம் மூத்திரம் போகலன்னாலோ பொறுக்காத. உடம்புல புள்ளி புள்ளியா வந்தா கண்ணாடி டம்ளர வச்சு அமுக்கிப் பாரு. மறையலன்னா அப்பவே ஓடு. நம்ம நிறத்துல சரியாத் தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமை உள்பக்கம் பாக்கணும். இப்ப டெங்கு வேற. அது காய்ச்சல் விடுத நேரத்துலதான் மோசமாகும். வயித்து வலி, தொடர் வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகுதுன்னா, காய்ச்சல் இல்லையேன்னு இருந்துறப்படாது

ராஜி: ஜன்னி வந்தா இரும்பு குடுக்கச் சொல்லுதாவ ஆச்சி

செல்வி சித்தி: கையில சாவியும் வேண்டாம், வாயில கரண்டியும் வேண்டாம். ஒருச்சாச்சுப் படுக்க வச்சு மணியப் பாரு. அஞ்சு நிமிசம் தாண்டுனா 108. நின்னுட்டாலும் முதல் தடவைன்னா டாக்டர் பாக்கணும்

10:20

கோமதி: அம்பைல 101.2. ஐகிரவுண்டுக்கு எழுதிக் குடுத்துட்டாவ. 108 வந்துட்டு. முதுகுல ஊசி போட்டு நீர் எடுப்பாவன்னு இங்க ஒருத்தர் சொல்லுதாவ. கால் போயிரும்ங்காவ சித்தி 😭

செல்வி சித்தி: போகாது. தண்டுவடம் முடியுத எடத்துக்குக் கீழ இடுப்புலதான் குத்துவாவ, நரம்புத் தண்டுல படாது. எடுக்கது சில சொட்டு. முதல்ல ரத்தமும் மூத்திரமும் எடுப்பாவ. தண்டுநீர் வேணும்னு டாக்டர் சொன்னா கையெழுத்து போடு, மூளைக்காய்ச்சல் இல்லன்னு அத வச்சுத்தான் தெரியும். கிருமி வளருதான்னு பாக்கிற கல்ச்சர் முடிவு வர 48 மணி நேரம் போல ஆகும். அது வரைக்கும் நரம்பு வழியா மருந்து போட்டா ‘எதுக்கு’ன்னு நிறுத்தச் சொல்லாதீங்க. சங்கர், நீயும்தான்

சங்கர் (மஸ்கட்): சரி சித்தி. டிக்கெட் பாக்கட்டா

செல்வி சித்தி: ரிசல்ட் வரட்டும்

லட்சுமி: டிக்கெட் போடு

ராஜி: காலைல சாப்பாடு யார் கொண்டு போறா? மயினி அம்மா கூட இருப்பாவ. உள்ள ஒரு ஆளத்தான் விடுவாவ

லட்சுமி: நான் போறேன். உள்ள யாரு இருக்கணும்ங்கத அங்க வச்சு பேசிக்கிடுவோம்

மாரியப்பன் மாமா: அங்க வச்சு பேசாதீங்க

சுடலைமுத்து பெரியப்பா: பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, சாஸ்தா பாத்துக்கிடுவாரு. வேனுக்கு 14 பேரா 15 பேரான்னு மட்டும் சொல்லுங்க

ராஜி: நாளைக்குச் சொல்லுதோம் பெரியப்பா

சுடலைமுத்து பெரியப்பா: நாளைக்குன்னா வேன்காரன் வேற ஆளுக்குக் குடுத்துருவான்