அக்வா ஹைபிரிட்: ஏசி போட்டால் மட்டும் பி0ஏஏ6 பிழை வருகிறது. பற்றரியை மாற்றத்தான் வேண்டுமா?

கோண்டாவில்வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானில் ஓடி இறக்குமதியான 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா ஒன்றை யாழ்ப்பாணத்தில் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் ஏசியின் குளிர் குறைந்ததால், ஒரு கடையில் கசிவைச் சரிபார்த்து காஸ் நிரப்பினார்கள். அதன் பிறகு, ஏசியைப் போட்டுச் சிறிது தூரம் ஓடியதும் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. ஏசி போடாமல் ஓடும் நாட்களில் விளக்கு எரிவதில்லை. எரிபொருள் செலவிலோ இழுவையிலோ எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை.

ஒரு கராஜில் சாதாரண ஸ்கானரால் பார்த்தபோது பி0ஏஏ6 என்ற குறியீடு மட்டும் கிடைத்தது. "இது ஹைபிரிட் பற்றரியின் பிழை, பற்றரி முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லி, எங்கள் குடும்பத்துக்குப் பெருஞ்சுமையான ஒரு தொகையையும் கூறினார்கள். பற்றரி பழுதென்றால் ஏசி போடும்போது மட்டும் பிழை வருவது ஏன் என்று கேட்டேன். தெளிவான பதில் கிடைக்கவில்லை. பணத்தைச் செலவழிப்பதற்கு முன் எதையெதைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும் என்பதை, இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மின்காப்பு:

வணக்கம். முதலில் பற்றரி மாற்றும் யோசனையை நிறுத்தி வையுங்கள். பற்றரி வலுவிழந்துவிட்டது என்பதைச் சொல்லும் குறியீடு பி0ஏ80. உங்களுக்கு வந்திருக்கும் பி0ஏஏ6, உயர் மின்னழுத்தச் சுற்றுக்கும் வாகனத்தின் உலோக உடலுக்கும் இடையே இருக்க வேண்டிய மின்காப்பு (மின்சாரம் கசியாமல் தடுக்கும் தன்மை) எங்கோ ஓரிடத்தில் குறைந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த இடம் பற்றரியாகவும் இருக்கலாம். இன்வேட்டர் (பற்றரி மின்சாரத்தை மோட்டர்களுக்கேற்ப மாற்றும் கருவி), மோட்டர்கள், உயர் மின்னழுத்தம் செல்லும் செம்மஞ்சள் நிறக் கேபிள்கள், ஏசி கொம்பிரஸர் ஆகியவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

அக்வாவின் பற்றரி 20 மொடியூல்களைக் கொண்ட 144 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி. இன்வேட்டர் அந்த மின்னழுத்தத்தை 520 வோல்ட் வரை உயர்த்தி மோட்டர்களுக்கு அனுப்புகிறது. 12 வோல்ட் பற்றரியின் மறைமுனையைப் போல இந்தச் சுற்றின் எந்த முனையும் வாகன உடலோடு இணைக்கப்படுவதில்லை. ஆகவே ஓரிடத்தில் மட்டும் காப்பு பழுதடைந்தால் மின்னோட்டம் சுற்றி வர வழியில்லை. வண்டியும் வழமைபோல ஓடும். இழுவையில் நீங்கள் மாற்றம் காணாததற்குக் காரணம் இதுதான். எதிர்முனைப் பக்கத்தில் இரண்டாவது இடத்திலும் காப்பு போய்விட்டால் நிலைமை உயிராபத்தாக மாறும். அதனால்தான் முதற் பழுதிலேயே வாகனம் எச்சரிக்கிறது. அதை அலட்சியம் செய்து ஓடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தத் தலைமுறை டொயோட்டா ஹைபிரிட்களில் பி0ஏஏ6 உடன் ஒரு மூன்றிலக்கத் துணைக் குறியீடும் பதிவாகும். பல மலிவான ஸ்கானர்கள் அதைக் காட்டுவதில்லை. 526 மட்டும் இருந்தால் காப்பு குறைந்துள்ளது, இடம் இன்னும் தெரியவில்லை என்று பொருள். 611 ஏசி கொம்பிரஸர் பகுதியையும், 612 பற்றரிப் பகுதியையும், 613 மோட்டர்கள் உள்ள டிரான்ஸ்அக்ஸில் பகுதியையும், 614 உயர் மின்னழுத்த நேரோட்டப் (டிசி) பகுதியையும் குறிக்கும். டொயோட்டாவின் பரிசோதனை மென்பொருளான டெக்ஸ்ட்ரீம் உள்ள ஒருவரிடம் சென்று இந்த எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள்.

அதே மென்பொருளின் தரவுப் பட்டியலில் 'ஷோர்ட் வேவ் ஹையஸ்ட் வல்யூ' என்றொரு அளவீடு உண்டு. பற்றரிக் கட்டுப்பாட்டகம் உயர் மின்னழுத்தச் சுற்றுக்குள் ஒரு சிறிய மாறுமின் அலையைச் செலுத்தி, அது எவ்வளவு உடலுக்குக் கசிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். காப்பு நன்றாக இருந்தால் இந்த அளவீடு 5 வோல்ட்டை ஒட்டி நிற்கும். காப்பு குறையக் குறைய அதுவும் இறங்கும். ஆகவே வண்டியை ரெடி நிலைக்கு (ஓடத் தயாரான நிலைக்கு) கொண்டு வந்து, ஏசி இல்லாமல் முதலிலும் ஏசி போட்டுப் பின்னரும் அதைக் கவனிக்க வேண்டும். ஏசி போட்டவுடனோ சில நிமிடங்களிலோ அது கீழே இறங்கினால், ஒரு பொருளையும் கழற்றாமலேயே சந்தேகத்துக்குரிய இடம் தெரிந்துவிடும்.

குளிர்காற்று:

மேலே சொல்லப்பட்டவற்றோடு ஏசித் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். காஸ் நிரப்பிய பிறகுதான் பிழை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் கவனம் முழுவதும் அந்த வரியில்தான் நிற்கிறது.

சாதாரணக் காரின் கொம்பிரஸரை எஞ்சினின் பெல்ட் சுழற்றுகிறது; அதற்குள் பிஏஜி வகை எண்ணெய் ஊற்றப்படும். அக்வாவின் கொம்பிரஸருக்குள் ஒரு மின்மோட்டரே இருக்கிறது. அதன் சுருள்கள் ஆர்134ஏ காஸிலும் எண்ணெயிலும் நேரடியாக நனைந்தபடியே வேலை செய்கின்றன. எனவே அந்த எண்ணெய் உராய்வைக் குறைத்தால் மட்டும் போதாது, மின்சாரத்தைக் கடத்தாமலும் இருக்க வேண்டும். அதற்காகவே என்டி-ஓயில் 11 என்ற எஸ்டர் வகை எண்ணெய் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதில் பிஏஜி எண்ணெய் சிறிதளவு கலந்தாலே காப்புத் தடை பெருமளவு விழுந்துவிடும். கடைக்காரர் தெரிந்து ஊற்றியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முந்தைய காருக்குப் பயன்படுத்திய இயந்திரத்தின் குழாயில் தங்கிய எண்ணெய், எண்ணெய் கலந்து விற்கப்படும் காஸ் டின், கசிவு தேடுவதற்கான சாயத்தோடு வரும் எண்ணெய் ஆகிய எந்த வழியாலும் அது உள்ளே போகலாம். உங்கள் கடையில் எந்த எண்ணெய், எந்தச் சாயம் பயன்படுத்தினார்கள் என்று கேட்டுப் பார்க்க முடியுமா?

கோண்டாவில்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி அண்ணா. டெக்ஸ்ட்ரீம் வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டினேன். துணைக் குறியீடு 611 என்றே வந்தது. ஏசி போட்ட சில நிமிடங்களில் அந்த அளவீடும் தெளிவாக இறங்கியது. ஏசிக் கடையில் கேட்டபோது, எல்லா வாகனங்களுக்கும் ஒரே எண்ணெயைத்தான் ஊற்றுவதாகச் சொன்னார்கள். கொம்பிரஸரின் செம்மஞ்சள் கனெக்டரை நானே கழற்றி மல்டிமீற்றரால் அளந்து உறுதிப்படுத்தலாமா? எண்ணெயை வெளியேற்றிக் கழுவினால் போதுமா?

மின்காப்பு:

நீங்களே கழற்ற வேண்டாம். பயிற்சி பெற்றவர்கூட இதற்கென்று ஒரு முறையைப் பின்பற்றியே ஆக வேண்டும். வண்டியை நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ட் பற்றரியின் மறைமுனையைக் கழற்ற வேண்டும். 1000 வோல்ட்டுக்குத் தரப்படுத்தப்பட்ட, காற்றுக் கசிவு பார்க்கப்பட்ட கையுறைகளை அணிந்து சேர்விஸ் பிளக்கை (உயர் மின்னழுத்தப் பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் செருகியை) உருவி, வேறொருவர் திரும்பச் செருகிவிடாதபடி தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இன்வேட்டருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் வெறுமையாவதற்கு 10 நிமிடங்களாவது காத்திருந்து, பின்னர் முனைகளில் மின்னழுத்தம் இல்லை என்பதை மீற்றரால் உறுதிசெய்ய வேண்டும். அந்த மீற்றர் வேலை செய்கிறதா என்பதை அளப்பதற்கு முன்னும் பின்னும் தெரிந்த ஒரு மின்மூலத்தில் சோதிப்பது என் கட்டாய வழக்கம்.

மேலும், மல்டிமீற்றரின் ஓம் அளவீடு சில வோல்ட்டுகளையே செலுத்துவதால், அதில் காப்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றலாம். 500 வோல்ட் செலுத்திக் காப்புத் தடையை அளக்கும் மெகர் கருவியால், கனெக்டரைக் கழற்றிய பின் கொம்பிரஸர் முனைகளுக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே அளந்து, சேவைக் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். இன்வேட்டரோ பற்றரிக் கட்டுப்பாட்டகமோ இணைந்திருக்கும்போது மெகரைப் பயன்படுத்தினால் அவற்றின் மின்னணுப் பாகங்களே பழுதாகிவிடும். கேபிளையும் தனியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த கேபிளும் 611 பிழையைத் தரக்கூடும்.

குளிர்காற்று:

கழுவுவது பற்றி என் கருத்து: மெகர் அளவீடு கொம்பிரஸரையே காட்டினால், கழுவுவதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். சுருள்களுக்கிடையே ஊறிய எண்ணெயை முழுமையாக வெளியேற்ற முடிவதில்லை. கொம்பிரஸரை மட்டும் மாற்றினாலும், கண்டென்ஸரிலும் எவப்பரேற்றரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும் பழைய எண்ணெய் புதியதற்குள் வந்து சேர்ந்துவிடும். ஆகவே கண்டென்ஸரையும் அதோடு சேர்ந்த உலர்த்தியையும் மாற்றி, மற்றப் பாகங்களையும் முடிந்தால் மாற்றுவதே பாதுகாப்பானது. செலவு கணிசமாக இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தேவையற்ற பற்றரி ஒன்றை வாங்கி, அதன் பிறகும் அதே விளக்கு எரிவதைப் பார்ப்பதைவிட இது மேல்.

எஸ்டர் எண்ணெய் ஈரத்தை விரைவாக உறிஞ்சும். மூடி திறந்து பல நாள் கிடந்த டின்னைப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டாம். வெற்றிடப் பம்பையும் அவசரமில்லாமல் போதிய நேரம் ஓட விடச் சொல்லுங்கள். புதிய கொம்பிரஸரைப் பொருத்தியதும், காஸ் நிரப்புவதற்கு முன் ஒரு முறையும் ஏசி ஓடிய பின் ஒரு முறையும், மேலே சொன்ன அதே பாதுகாப்பு முறையில் மெகர் அளவீடு எடுத்து, அந்த எண்களைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.