ஆறு வயதுக் குழந்தையைக் கச்சேரிக்குக் கூட்டிப் போகலாமா?

மாடவீதி (மயிலாப்பூர்):

சென்னை இசை சீசன் அட்டவணைகள் வர ஆரம்பித்துவிட்டன. வருடா வருடம் டிசம்பர் கடைசியில் வரும் சண்டையை இந்த முறை முன்கூட்டியே போட்டுவிடலாம் என்றுதான் இந்த இழை.

என் கட்சி இதுதான்: எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சாயங்கால மெயின் கச்சேரிக்குக் கூட்டி வராதீர்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரி. வர்ணம், இரண்டு மூன்று கிருதிகள், விஸ்தாரமாக ஒரு ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், அதற்கப்புறம்தான் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பெரியவர்களே காண்டீன் பக்கம் நகர்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? முதல் இருபது நிமிடம் மேடையைப் பார்க்கும். அப்புறம் நாற்காலியை மடக்கி மடக்கி விளையாடும். அதற்கும் அப்புறம் அம்மா கைப்பையிலிருந்து போன் வெளியே வரும். பாடுகிறவர் மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்க்குரலில், நின்று ராகத்தின் ஒரு பிடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து கார்ட்டூன் சத்தம். டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு எரிச்சல், குழந்தைக்குச் சித்திரவதை. "எங்க பொண்ணு அஞ்சு வயசுலயே கச்சேரி கேட்பா" என்று சொல்லிக்கொள்ளப் பெற்றோருக்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

குழந்தைகளுக்குச் சங்கீதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளட்டும்.

தவில்பித்தன் (கும்பகோணம்):

சார், சபா ஒழுக்கம் வேறு, சங்கீதம் வேறு. நாற்காலி, டிக்கெட், "உஷ்" எல்லாம் ஏறக்குறைய நூறு வருடச் சமாச்சாரம். மியூசிக் அகாடமியே 1928இல் வந்ததுதான். வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடிகிற வரிசையை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி இராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். அவர் 1890இல் பிறந்தவர். அதற்கு முன்பும் பின்பும் எங்கள் பக்கத்தில் பாதி ஊர் சங்கீதம் கேட்டது கோயில் வீதியில். சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரக்காரர் தெருமுனையில் நின்று தோடி ராகத்தை வாசித்துத் தள்ளுவார். பிள்ளைகள் தவிலுக்கு எதிரே போய் நின்று தவில்காரரின் கைவிரல் கூடுகளையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். பிடித்தால் நிற்கலாம், அலுத்தால் பஞ்சுமிட்டாய்க்காரரிடம் போகலாம், தூக்கம் வந்தால் அப்பா தோள். யாரும் "நேரா உட்காரு" என்று அதட்டியதில்லை.

குழந்தை நெளிகிறது என்றால் கோளாறு குழந்தையிடம் இல்லை, ஹாலில் இருக்கிறது.

மாடவீதி:

கோயில் வீதியில் கேட்பதை நான் எங்கே தடுத்தேன்? தாராளமாகக் கேளுங்கள். நான் பேசுவது ஹாலைப் பற்றி. அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் மற்ற ஐந்நூறு பேரும் மனிதர்கள்தானே?

வெண்பாவின் அம்மா:

மாடவீதி சார், உங்கள் ஐந்நூறு பேரில் எத்தனை பேரின் போன் கச்சேரி நடுவில் அடிக்கிறது என்று முதலில் கணக்கெடுங்கள். போன சீசனில் நான் போன இடங்களில் சத்தம் போட்டதெல்லாம் அறுபது வயதுக்கு மேலானவர்கள். ஒருவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் ராகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவும் தப்பாக.

நான் பெண்ணைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன், ஆனால் சாயங்காலம் இல்லை. சீசனில் பல சபாக்களில் மத்தியானக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. வளர்ந்துவரும் பிள்ளைகள் பாடுவார்கள், ஹால் பாதி காலியாக இருக்கும். கதவோரம் உட்காருவோம். ஒரு மணி நேரம். அவள் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன், ஆனால் பாட்டு நடுவில் இல்லை, கைதட்டும்போது. போன் கொடுப்பதில்லை. போவதற்கு முன்னால் வீட்டில் ஒரே ஒரு வேலை: அன்றைக்குப் பாட வாய்ப்புள்ள ஒரு பாட்டைச் சில நாள் சும்மா ஓட விடுவேன். அந்தப் பாட்டு மேடையில் வந்துவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! வராவிட்டால் சண்டைதான், அது வேறு கதை.

அவளுக்குப் பிடித்தது பாட்டில்லை, கடம். "பானையை ஏம்மா அடிக்கிறாங்க" என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. இப்போது தொடையில் ஆதி தாளம் போடுகிறாள். எட்டு எண்ணிக்கை முடியும் இடம் தெரிந்த பிறகு நெளிவது பாதியாகக் குறைந்துவிட்டது. கையில் ஒரு வேலை இருக்கிறதல்லவா.

கணக்கு வாத்தியார் (தர்மபுரி மாவட்டம்):

"பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று மாடவீதி ஐயா ஒரே வரியில் தாண்டிவிட்டார். எந்தப் பள்ளிக்கூடம்?

2012இல் அரசு 16,549 பேரைப் பகுதி நேர ஆசிரியர்களாக எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், அப்புறம் இசை, தையல், கணினி என்று எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அதுவும் 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும்தான். நீங்கள் பேசுகிற ஆறு வயதுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருக்கிறது. அங்கே பாட்டு வாத்தியார் என்று ஒரு ஆளே கிடையாது. வகுப்பாசிரியர்தான் பாட வேண்டும். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு கீழ் வகுப்புகளில் பாட்டு நிறைய இருக்கிறது, உண்மை. ஆனால் அது எழுத்தும் எண்ணும் பழகுவதற்கான பாட்டு. சுருதி சேர்ந்ததா என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

மாவட்ட அரசு இசைப்பள்ளி நல்ல ஏற்பாடு. நாதஸ்வரம், தவில், தேவாரம் படிக்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் 12 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, 5 வயதிலிருந்தே சேர்க்கலாம். வார விடுமுறையில் வகுப்பு. எங்கள் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து யார் கூட்டிப் போவது?

இசைப்பிரியை:

எது எப்படியோ, சின்ன வயதில் கிளாசிக்கல் கேட்டால் மூளை நன்றாக வளரும், கணக்கு நன்றாக வரும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. மோசார்ட் கேட்ட பிள்ளைகள் அறிவாளியாகிறார்கள் என்று படித்திருக்கிறேன். அதற்காகவாவது கூட்டிப் போகலாம்.

கணக்கு வாத்தியார்:

அம்மா, நான் கணக்கு வாத்தியார் என்பதால் இதை விடமாட்டேன். அந்த ஆய்வு 1993இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், குழந்தைகளே கிடையாது. பத்து நிமிடம் மோசார்ட் கேட்ட பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது மாதிரியான கேள்விகளில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அந்த விளைவும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. பத்திரிகைகள் அதை "குழந்தைக்கு அறிவு வளரும்" என்று ஊதிவிட்டன. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்கப் பட்ஜெட்டில் பணம் கேட்கிற அளவுக்குப் போனது.

கணக்கு வர வேண்டுமென்றால் கணக்குப் போடச் சொல்லுங்கள். பாட்டு கேட்பது பாட்டுக்காக இருக்கட்டும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலை நான் ஆறாம் வகுப்பில் பயன்படுத்துகிறேன். ஒரு பக்கம் எட்டு எண்ணித் தாளம் போடுவார்கள், இன்னொரு பக்கம் 'தக தகிட' என்று ஐந்து ஐந்தாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். இரண்டும் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், ஒன்றாக வந்து விழுவது 40இல். மீச்சிறு பொது மடங்கு என்று போர்டில் எழுதினால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், அந்த 40 வரும்போது கத்துகிறார்கள். இதனால் அறிவு வளர்ந்ததா என்றெல்லாம் கேட்காதீர்கள், பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்ததுதான் எனக்குத் தெரியும்.

பறையொலி:

எல்லோரும் ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், தொடவில்லை. எந்த சங்கீதத்தை, யாருடைய பிள்ளைகளுக்கு? அரசுப் பள்ளியில் முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளையிடம் போய்ப் புரியாத தெலுங்கில் ஒரு கிருதியைப் பாடி, "இதுதான் உயர்ந்த இசை, கை கட்டிக் கேளு" என்றால், அது வீட்டில் கேட்கிற ஒப்பாரியும் பறையும் தாழ்ந்தது என்றுதானே கற்றுக்கொள்ளும்? 1943இல் தமிழ் இசைச் சங்கம் எதற்காகத் தொடங்கப்பட்டது? மேடையில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக ஒதுங்கிக் கிடந்ததால்தானே. எண்பது வருடம் கழித்துப் பிள்ளைகளிடம் போகும்போதும் அதே வரிசையா?

தவில்பித்தன்:

இங்கே கொஞ்சம் ஒத்துப்போகிறேன், கொஞ்சம் இல்லை. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் தமிழில்தான் எழுதினார்கள். அவற்றைக் கொண்டு போகலாம். ஆனால் மொழி புரியாததால் குழந்தைக்கு எட்டாது என்று எனக்குத் தோன்றவில்லை. நாதஸ்வரத்தில் ஏது மொழி? யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி தவில் வாசித்தால் எந்த மொழிக்காரனுக்குப் புரியாது?

பறையொலி:

எட்டாது என்று நான் சொல்லவில்லையே. அது எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்கிறேன். பெசன்ட் நகர் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் விழா நடத்தியபோது, மீனவர் தெருவில் ஒரே மேடையில் கர்நாடக சங்கீதமும் இருந்தது, பறையாட்டமும் இருந்தது. அப்படிச் சமமாக வைத்துக் கொடுங்கள். பள்ளியிலும் இன்று வீணை என்றால் நாளை பறை. இரண்டுக்கும் ஒரே நாற்காலி, ஒரே சால்வை.

நல்லூரான் (யாழ்ப்பாணம்):

உங்கட பக்கம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். எங்கட பக்கம் இருக்கிறது, அதன் கதையையும் கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து சித்திரம், சங்கீதம், நடனம் என்று அழகியல் பாடம் ஒன்றை எடுக்க வேணும். சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம். போதாததற்கு வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சை வேறு, தரம் தரமாக. பாட்டு ரீச்சருக்கும் குறைவில்லை, பாடப்புத்தகமும் உண்டு.

விளைவு? ராகலட்சணத்தை, ஸ்வரங்கள் ஏறும் ஆரோகணம், இறங்கும் அவரோகணத்தோடு பிழையில்லாமல் எழுதி 'ஏ' எடுக்கிற பிள்ளைகள் நிறைய. அதே ராகத்தை நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வரத்தில் வாசித்தால் அடையாளம் பிடிக்கிற பிள்ளை எத்தனை என்று கேளாதேயுங்கோ. பாடமாக வைத்தால் சங்கீதம் வந்துவிடும் என்பது பாதி உண்மை. கேட்கப் பழக்காமல் எழுதப் பழக்கினால் இதுதான் நடக்கும். 25 நாள் திருவிழா வாசலில் நடக்கிறது, பிள்ளை ரியூசனில் இருக்கிறது.

நியூஜெர்சி நாணல்:

இங்கே 1958இலிருந்து 1972 வரை லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மானிக்கை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கென்றே கச்சேரி நடத்தினார், 53 நிகழ்ச்சிகள். டிவியில் வந்தது. முழு ஆர்கெஸ்ட்ரா, ஆனால் ஒரு மணி நேரம்தான். நடுநடுவே அவரே பேசுவார், பியானோவில் வாசித்துக் காட்டுவார், கேள்வி கேட்பார். "இசைக்கு என்ன அர்த்தம்?" என்பதுதான் முதல் நிகழ்ச்சியே. ரஷ்யாவில் புரோகோஃபியெவ் 1936இல் 'பீட்டரும் ஓநாயும்' எழுதியதும் குழந்தைகளுக்காகத்தான். பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்குக் கொம்புகள். கதை முடிவதற்குள் வாத்தியங்கள் எல்லாம் பழகிவிடும். நம் பெரிய வித்வான்கள் யாராவது வருடத்துக்கு நாலு முறை இப்படி உட்கார்ந்து பேசக் கூடாதா?

மாடவீதி:

பேசுகிறார்களே. ஸ்பிக் மேக்கே என்று 1977இல் கிரண் சேத் தொடங்கிய இயக்கம் நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிகளுக்குக் கலைஞர்களைக் கூட்டிப் போய் விளக்கக் கச்சேரி வைக்கிறது. மாணவர்களுக்கு இலவசம். நான் கேட்பதும் அதைத்தான். குழந்தை இருக்கும் இடத்துக்கு வித்வான் போகட்டும்.

நாணல் சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள். பெர்ன்ஸ்டைன் குழந்தைகளுக்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி அமைத்தார், பெரியவர்களின் கச்சேரியில் கொண்டுவந்து சொருகவில்லை. நம் ஆட்கள் செய்வது குருவி தலையில் பனங்காய். நம்மிடம் சரக்கு இல்லாமலா? முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சங்கராபரண ராகத்தில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள். 'ஸ்யாமளே மீனாக்ஷி'யைப் பாடினால் 'ட்விங்கிள் ட்விங்கிள்' தெரிந்த எந்தக் குழந்தையும் மெட்டைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்துக்கு இது போதும்.

கணக்கு வாத்தியார்:

விளக்கக் கச்சேரி எங்கள் பள்ளிக்கும் ஒரு முறை வந்தது, ஒரு அமைப்பு ஏற்பாடு செய்தது. வந்தவர் அருமையாக வாசித்தார். பிள்ளைகள் வரிசையாகத் தரையில், வெயில், பின்னால் பேனர். கடைசியில் போட்டோ. மறுநாள் "வயலின் கத்துக்கணும் சார்" என்று நாலு பிள்ளைகள் வந்து நின்றார்கள். வயலினுக்கு நான் எங்கே போவேன்? வாசலைத் திறந்து காட்டிவிட்டுச் சாத்திக்கொண்டு போவதற்கு, வராமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

வெண்பாவின் அம்மா:

வராமல் இருந்தால் அந்த நாலு பேருக்குக் கேட்கக்கூடத் தோன்றியிருக்காதே சார்!

கணக்கு வாத்தியார்:

கேட்டுக் கிடைக்காமல் போவது உங்களுக்குச் சின்ன விஷயம். அந்தப் பிள்ளைகளுக்கு அதுவே பழக்கம். ஒரு நாள் பெரிய வித்வான் வருவதைவிட, சுமாராகப் பாடுகிற ஒருவர் வாரம் ஒரு நாள் வந்தால் போதும். சுருதிக்குப் போனில் செயலி இருக்கிறது. தாளத்துக்குக் கை இருக்கிறது. ஆள்தான் இல்லை.

தவில்பித்தன்:

மாடவீதி சாருக்கு ஒன்று. உங்கள் ஊரிலேயே மார்கழி விடியற்காலையில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மாடவீதியில் பஜனை போகிறதே. பாபநாசம் சிவன் முன்னால் நடந்து பாடிய பஜனை அது. குழந்தை நடந்துகொண்டே பாடலாம், தாளக்கட்டையைத் தட்டலாம், எவரும் முறைக்க மாட்டார்கள். உங்கள் பெயரிலேயே வீதி இருக்கிறது, ஹாலையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

மாடவீதி:

பஜனைக்கு நான் வருகிறேன், பேரனும் வருவான், ஐந்து மணிக்கு எழுப்பினால். ஹால் விஷயத்தில் என் கட்சி அதேதான். வெண்பாவின் அம்மா சொன்ன மத்தியானக் கச்சேரி, கதவோர சீட், போன் கிடையாது: இதற்கு எனக்கு ஆட்சேபணையே இல்லை. என் சண்டை ஆறு மணிக் கச்சேரியோடுதான்.

வெண்பாவின் அம்மா:

ஆறு மணிக் கச்சேரிக்கும் அவள் ஒரு நாள் வருவாள் சார், எட்டு வயதுக்கு முன்னாலேயே. அன்றைக்குத் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து காண்டீனுக்குப் போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். கடத்தை மறைத்தால் அவள் சும்மா இருக்க மாட்டாள், இப்போதே சொல்லிவிட்டேன்.

பறையொலி:

வாத்தியார், உங்கள் பள்ளிக்கு வாரம் ஒரு ஆள் வேண்டும் என்றீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தர்மபுரி பக்கம் பறை சொல்லித் தருகிறார், கர்நாடக சங்கீதம் தெரியாது. பரவாயில்லையா? தலைமை ஆசிரியர் ஒத்துக்கொள்வாரா?

கணக்கு வாத்தியார்:

எனக்கு முழுச் சம்மதம். தலைமை ஆசிரியரிடம் திங்கட்கிழமை கேட்கிறேன். சத்தம் அதிகம் வருமே என்பார், அதற்கு மட்டும் ஒரு பதில் யோசித்துக் கொடுங்கள்.