சிறப்புச் செவிலியர்: படிப்பால் வருகிறவரா, பணியில் வளர்கிறவரா?

அகிலா:
தீவிர சிகிச்சைக்கென இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள நர்ஸ் பிராக்டிஷனர் (சில சிகிச்சை முடிவுகளைத் தாமே எடுக்கப் பயிற்சி பெறும் செவிலியர்) முதுகலைப் படிப்பில் சேர, பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பின் ஓராண்டுப் பணி அனுபவம் போதும். அதன்பின் இரண்டாண்டு படித்தவரை, ஒரு பிரிவில் தனித்தேர்ச்சி பெற்ற சிறப்புச் செவிலியர் என ஏற்பது அவசரம் என்பேன். மானிட்டரில் எண்கள் ஒழுங்காக இருக்கும்போதே, நோயாளியின் முகத்தையும் தவிப்பையும் பார்த்து மருத்துவரை அழைக்கும் மூத்த சிஸ்டர்கள் இருக்கிறார்கள். அந்தப் பார்வையை எந்தப் பாடத்திட்டமும் தராது.

முரளிதரன்:
அது வகுப்பறைப் படிப்பு அன்று, அம்மா. பெரும்பகுதி நேரம் வார்டிலேயே கழியும் உறைவிடப் பயிற்சி. மூத்த சிஸ்டரின் பார்வையை நானும் மதிக்கிறேன். ஆனால் ‘ஏதோ சரியில்லை’ என்று மட்டும் சொன்னால், நள்ளிரவில் பத்து நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி மருத்துவர் அதைத் தள்ளிப்போடக்கூடும். மூச்சின் வேகம், சிறுநீரின் அளவு, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் உயரும் பொருள்) மூன்றையும் இணைத்துக் காரணம் சொல்பவரின் பேச்சுதான் எடுபடும். படிப்பு தருவது அந்தத் திறனை.

அகிலா:
காரணம் சொல்லும் திறனை நான் மறுக்கவில்லை, ஐயா. புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிநிலைகளை 1980களில் விவரித்த அமெரிக்கச் செவிலியர் பாட்ரிசியா பென்னர், ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தவரையே நடுப்படியில் வைத்தார். வல்லுநரே ஆனாலும், பழக்கமில்லாத பிரிவுக்குப் போனால் மறுபடியும் புதியவர்தான் என்பதும் அவர் கருத்து.

செல்வராணி:
அந்தக் கடைசிக் கருத்து உங்கள் இருவரின் வாதத்தையும் அசைக்கிறது. டயாலிசிஸில் ஆண்டுக்கணக்கில் தேறியவரைப் பணிச்சுழற்சி என்று பிரசவ வார்டுக்கு அனுப்பினால், அகிலா அக்கா போற்றும் அனுபவம் பாதியில் அறுபடுகிறது. முதுகலை முடித்துத் திரும்பியவரும் அதே ஸ்டாஃப் நர்ஸ் பணியிடத்தில், அதே டியூட்டிப் பட்டியலில்தான் சேர்கிறார் என்றால், கற்றதை அவர் எங்கே பயன்படுத்துவார்? தனிப் பணியிடமும், எதை அவரே முடிவு செய்யலாம் என்ற எழுத்துப்பூர்வ வரையறையும் இல்லாமல் சிறப்புச் செவிலியர் என்பது பெயரளவில் நின்றுவிடும்.

முரளிதரன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அப்படியொரு பணியிடம் கேட்டால் நிதித்துறை முதலில் கேட்பது, அதற்கான கல்வித் தகுதி என்ன என்பதைத்தான்.

அகிலா:
கல்வித் தகுதியை எழுதுங்கள். கூடவே, அதே பிரிவில் தொடர்ந்து ஐந்தாண்டு பணியாற்றியிருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது நிபந்தனையை எழுதினால், சுழற்சியை நிறுத்த வேண்டிய கடமை நிர்வாகத்தின்மேல் விழும். அதனால்தான் அதை எழுதத் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.