மறைந்தவர் யார்? மெய்ப்புப் பார்ப்பவர்களின் அனுபவங்கள்

11 வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறேன். நான் கோட்டைவிட்ட ஒரு வரி இது: "மறைந்த என் நண்பரின் அண்ணன் கொடுத்த பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது." ஓர் அஞ்சலிக் கட்டுரையில் வந்தது. எழுத்துப்பிழை இல்லை, ஒற்றும் சரி. அப்படியே விட்டுவிட்டேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி கேட்டார்கள். இறந்தது நண்பர்தான் என்று நினைத்து, அவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று நானே போட்டேன்.

இதழ் வந்த அன்று காலையில் அவரே போன் செய்தார். இறந்தது அவருடைய அண்ணன். துக்கம் விசாரிக்க ஆட்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். திட்டவில்லை. "அம்மா படிச்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

'என் நண்பரின் மறைந்த அண்ணன்.' ஒரே ஒரு சொல்லை நகர்த்தியிருந்தால் போதும். 'மறைந்த' போன்ற பெயரெச்சத்துக்குப் பின்னால் இரண்டு பெயர்கள் வரிசையாக வந்தால், படிப்பவர் எதோடு வேண்டுமானாலும் அதைச் சேர்த்துக்கொள்வார். இப்போதெல்லாம் 'வந்த', 'சொன்ன', 'இறந்த' என்று எதைப் பார்த்தாலும் யார், எது என்று கேட்டுப் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுவிடுவேன், ஊகித்துத் திருத்துவதில்லை.

மறுமொழி 1

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்கு நடந்தது கணினியில். ஒரு நாவலில் 'கலை' என்ற பெண்ணின் பெயரை 'சுதா' என்று மாற்றச் சொன்னார் ஆசிரியர். 'அனைத்தையும் மாற்று' என்று ஒரே அழுத்து. பல்கலைக்கழகம் 'பல்சுதாக்கழகம்' ஆனது, கூட்டம் கலையாமல் 'சுதாந்தது'. இவை கண்ணில் குத்தியதால் உடனே சரிசெய்துவிட்டேன்.

தப்பிப்போனவை உருபு சேர்ந்த இடங்கள். ஐகாரத்தில் முடியும் பெயரோடு உயிர் சேரும்போது நடுவில் 'ய்' வரும், ஆகாரத்தில் முடிந்தால் 'வ்' வரும். 'கலையின்' இருந்த இடத்தில் 'சுதாவின்' வர வேண்டும். கணினிக்கு அது தெரியாது, 'சுதாயின்' என்று வைத்துவிட்டது. 'சுதாயிடம்', 'சுதாக்கு' என்று வழிநெடுக இப்படியே. கதையோடு போகும் கண் இதில் நிற்காது. அச்சான பிறகுதான் பார்த்தோம். இப்போது 400 இடம் இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றுகிறேன்.

மறுமொழி 2

ஒற்று விஷயத்தில் விடுவதைவிடக் கூட்டிப்போடுவதில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். 'வரைந்தப் படம்', 'நல்லக் கதை' எல்லாம் ஆரம்பத்தில் என் கைவேலை. பெயரெச்சத்துக்குப் பின் பொதுவாக வல்லினம் மிகாது (நடுவில் க், ச், த், ப் வராது) என்று மனதில் பதிந்த பிறகுதான் பாதிச் சிவப்பு மை குறைந்தது. (நாட்களா நாள்களா, கருப்பா கறுப்பா என்பதை நூலுக்கு நூல் முதலிலேயே முடிவுசெய்து ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். நடுவில் யோசித்தால் இரண்டும் கலந்துவிடும்.)

அப்புறம், இடைவெளி. ஒரு சிறுகதையில் "கிழவர் இறங்கும் படி காட்டினார்" என்று இருந்தது. பிரித்து எழுதியது பிழை என்று நினைத்து 'இறங்கும்படி' என்று சேர்த்தேன். எழுதியவர் சொன்னது படிக்கட்டை. அடுத்த வரியிலேயே கிழவர் அந்தப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். நான் அதுவரை படிக்காமலே திருத்திவிட்டேன்.