ஆடிக்காற்றில் வெட்டிய தண்டு பிழைக்குமா? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளை மாடித்தோட்டம்:
ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதை நம்பிப் பாளையங்கோட்டையில் ஆடியில் தண்டு வெட்டி நட்டால் சாயங்காலத்துக்குள் இலை சுருண்டுவிடும். ஆனி, ஆடியில் நமக்கு வருவது மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வருகிற காய்ந்த காற்று. வேரே இல்லாத தண்டு, இலை வழியாகப் போகிற தண்ணீரை எங்கிருந்து ஈடு கட்டும்? அதனால் ஐப்பசியில் வடகிழக்கு மழை இறங்கிய பிறகுதான் நான் பிளேடைக் கையில் எடுப்பேன்.

முதலில் கனகாம்பரம். நாட்டுக் கனகாம்பரம் நம்மைக் கேட்காமலே பெருகும். காய்ந்த காயில் மழைத்துளி பட்டால் படக்கென்று வெடித்து, விதை பக்கத்துத் தொட்டியில் போய் விழுந்து முளைத்துவிடும். டெல்லி கனகாம்பரம் அப்படியில்லை. அது மும்மய வகை, அதாவது குரோமோசோம் தொகுதி மூன்று உள்ளது, அதனால் விதை பிடிக்காது. அதன் விதை என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். தண்டு ஒன்றுதான் வழி.

பூக்கதிர் வராத கிளையாக, ரொம்ப இளசும் இல்லாமல் கட்டை பாய்ந்ததும் இல்லாமல் பார்த்து எடுக்க வேண்டும். இரண்டு மூன்று கணு போதும். அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே புது பிளேடால் ஒரே இழுப்பு. கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கிவிடுவேன். ஆற்றுமணலும் தேங்காய்நார்க் கழிவும் கலந்து, கணு ஒன்று உள்ளே போகிற மாதிரி ஊன்றி, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் ஈரம் நிற்கும். பாட்டில் மேல் வெயில் மட்டும் விழக்கூடாது, உள்ளே செடி அவிந்துவிடும். என்னுடையது முருங்கை நிழலில் இருக்கிறது. இன்னொன்று, பழைய கனகாம்பரம் வாடிச் செத்த தொட்டி மண்ணை இதற்குத் தொடவே வேண்டாம். வேர்முடிச்சு நூற்புழு அதில்தான் குடியிருக்கும்.

உங்கள் பக்கம் எப்படி?

தென்காசிச் சாரல்:
அக்கா, எங்களுக்கு நேர்மாறு. 2019-ல் மாவட்டம்தான் பிரிந்தது என்று நினைக்கிறார்கள், வானிலை எப்போதோ பிரிந்துவிட்டது! குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் இங்கே வானம் மூடியே கிடக்கும், காற்றிலேயே ஈரம் இருக்கும். கோலியஸ், புதினா எல்லாம் ஆனியில் கிள்ளி ஊன்றினாலே போதும், பாட்டிலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். எங்கள் தொல்லை அழுகல்தான். கற்பூரவல்லித் தண்டில் தண்ணீர்ச் சத்து அதிகம். வெட்டியவுடன் நட்டால் சாரலில் கூழாகிவிடுகிறது. ஒரு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுகிறேன்.

களக்காட்டு வாழை:
மாடித்தோட்டக்காரர்கள் சிரிக்க வேண்டாம், வாழையும் மரமில்லை, செடி வகைதான். அதில் கட்டை கிடையாது. மேலே நிற்பது மட்டை மேல் மட்டையாகச் சுற்றிய உருளை, நிஜத் தண்டு மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. கன்று எல்லாம் அந்தக் கிழங்கின் கண்ணிலிருந்து வருகிறது.

ஒரு வருஷம் ஏத்தன் (நேந்திரம்) வாழை போட ஒரு வியாபாரி மூலம் லோடு கன்று இறக்கினோம். பார்க்க மதமதவென்று, அகலமான இலையோடு இருந்தது. அப்பா வண்டியிலிருந்து இறக்கும்போதே முகத்தைச் சுளித்தார். பாதிக்கு மேல் நீர்க்கன்று. கன்று சின்னதாக இருக்கும்போதே இலை அகலமாக விரிந்திருந்தால் அது நீர்க்கன்று. தாய்க்கிழங்கோடு அதற்குப் பிடிப்பு குறைவு, கிழங்கும் சிறுத்திருக்கும், தாரும் தேறாது. நமக்கு வேண்டியது ஈட்டிக்கன்று. அடி பருத்து, நுனி கூர்ந்து, இலை வாள் மாதிரி ஒடுங்கி நிற்கும். கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருந்தால் நல்லது.

அப்புறம் வேரையும் மேல்தோலையும் அரிவாளால் சீவிப் பார்க்க வேண்டும். உள்ளே சுத்தமான வெள்ளை தெரிய வேண்டும். பழுப்பாகத் துளை ஓடியிருந்தால் கூன்வண்டு, அதைத் தூரப் போடுங்கள். சீவிய கிழங்கைச் சேற்றுக் குழம்பில் முக்கி நடுவது எங்கள் வழக்கம், இப்போது சிலர் சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசலில் முக்குகிறார்கள். அந்த லோடில் தேறியது கொஞ்சம்தான். வியாபாரி பணத்தைத் திருப்பித் தரவில்லை, பேச்சை மட்டும் தந்தார்.

சேரன்மாதேவி வயக்காடு:
அண்ணாச்சி, வாழையில் வருகிற முடிக்கொத்து நோயையும் சொல்லுங்கள். இலை குட்டையாகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கிற வாழைத்தூரிலிருந்து ஒரு கன்றுகூட எடுக்கக்கூடாது. பார்க்க நல்லதாக இருந்தாலும் நச்சுயிரி உள்ளே இருக்கும், மிச்சத்தை அசுவினிப் பூச்சி பரப்பிவிடும். வாழையடி வாழை என்கிறோமே, நோய்க்கும் அது பொருந்தும்.

அம்பை பச்சைவீடு:
எங்கள் வேலியில் செங்காந்தள் உண்டு. மழைக்கு ஏறி, பூத்து, கோடையில் தரைக்கு மேல் ஒன்றுமில்லாமல் போய்விடும். அது இருப்பதையே மறந்து பலர் கொத்திவிடுகிறார்கள். காய்ந்த பிறகு தோண்டினால் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு கிடைக்கும். இரண்டு கிளையின் நுனியில் மட்டும்தான் முளை. வளைவில் ஒடித்தால் இரண்டு செடி. நுனி உடைந்துவிட்டால் அந்தத் துண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வீண். எடுக்கும்போது மண்ணை விரலால் விலக்குங்கள், கம்பி வேண்டாம். கையுறை கட்டாயம். முழுச் செடியும் விஷம், கிழங்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளும் ஆடுகளும் இருக்கிற வீட்டில் யோசித்து வையுங்கள்.

பாபநாசத்துக்கு மேலே போய்க் கிழங்கு தோண்டி வரலாமா என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டார். கூடாது தம்பி. அது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம், ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். வேலியில் வைத்திருப்பவரிடம் ஒரு கிழங்கு கேட்டால் யார் இல்லை என்பார்கள்?

பத்தமடைப் பொண்ணு:
பாய் முடைகிற கோரையும் இந்தக் கணக்கில் சேரும். மேலே அறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு ஓடித் திரும்பத் துளிர்க்கும், புது வயலுக்கும் கிழங்குத் துண்டைத்தான் நடுவார்கள். சரி, எனக்கு ஒரு சந்தேகம். வெட்டிவேர்த் தூர் பெரிசாகி நடுவில் காய்ந்து நிற்கிறது. எதைப் பிரித்து நடுவது?

பாளை மாடித்தோட்டம்:
நடுவை விட்டுவிடுங்கள், அது கிழடு. ஓரத்துச் சிம்புகளை இரண்டு மூன்றாக வேரோடு பிரித்து, மேலே ஒரு சாண் விட்டு வெட்டி, வேரையும் கொஞ்சம் குறைத்து நடுங்கள். இலையை முழுசாக விட்டால் வேர் பிடிக்கிறவரை அது தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். சாமந்தியும் இதே மாதிரிதான். பூத்து முடிந்ததும் தண்டை அறுத்துவிட்டால் அடியிலிருந்து வேரோடு பக்கக்கன்று வரும். நீங்கள் பத்தமடை என்பதால் இப்போது வேண்டாம், காற்று அடங்கட்டும். ஐப்பசியில் பிரிக்கும்போது சொல்லுங்கள், எனக்கும் நாலு சிம்பு வேண்டும். பதிலுக்கு டெல்லி கனகாம்பரம் வேர்விட்டது தருகிறேன்.