அயர்வு என்னும் சொல்லைச் சந்தித்த இடங்கள்

களைப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைப் பற்றிய இந்த உரையாடலில் களைப்பு, சோர்வு, அலுப்பு ஆகிய சொற்களைப் பற்றி நண்பர்கள் விரிவாக எழுதிவிட்டதால், நான் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வரும் 'அயர்வு' என்னும் சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆழ்வார்திருநகரியில் ஆழ்வார்களின் பாசுரங்களை ஓதும் விழாவான அத்யயன உற்சவத்தின்போது, நம்மாழ்வாரின் திருவாய்மொழியைச் சேவித்துவிட்டு மண்டபத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், முதற்பாசுரத்தில் வரும் 'அயர்வறும் அமரர்கள்' என்பதற்குக் களைப்பே அறியாத தேவர்கள் என்று பொருள் கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் நிதானமாக, அங்கே அயர்வு என்பது மறதி என்றும், வைகுண்டத்தில் என்றும் இறைவனுடன் இருந்து, அவனை ஒரு கணமும் மறவாத நித்தியசூரிகளையே ஆழ்வார் சொல்கிறார் என்றும், உரையாசிரியர்கள் கொண்ட பொருளும் அதுவே என்றும் விளக்கினார். எனக்கு உடனே என் பாட்டியின் பேச்சு நினைவுக்கு வந்தது. எங்கள் கரிசல் பக்கத்தில் 'அயத்துப்போச்சு' என்றால் மறந்துவிட்டது என்றுதான் பொருள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் வாயிலும் உரையாசிரியர்களின் ஏட்டிலும் ஒரே பொருள் வாழ்ந்திருக்கிறது என்பதை எண்ணி இன்றும் மகிழ்கிறேன்.

பின்னர், மகளுக்குக் குறள் சொல்லிக்கொடுத்தபோது 1268ஆம் குறளில் 'மாலை அயர்கம் விருந்து' என்ற தொடர் எதிர்ப்பட்டது. வேந்தன் வென்று வரட்டும், மாலையில் விருந்து கொண்டாடுவோம் என்பது அதன் கருத்து. இங்கே களைப்புக்கும் மறதிக்கும் இடமே இல்லை. சங்கப் பாடல்களில் வேலன் என்னும் பூசாரி முருகனை வேண்டி ஆடுவதும் 'வெறியயர்தல்' எனப்படுகிறது.

ஆடுதல், கொண்டாடுதல், மறத்தல், தளர்தல் ஆகிய இத்தனையும் ஒரே வினைக்குள் எப்படி அடங்கின? தன்னை இழத்தல் என்பதே இவற்றின் பொது இழை என்பது என் ஊகம். வெறியாடும் வேலனும், கொண்டாட்டத்தில் திளைப்பவனும், உழைத்துக் களைத்தவனும் ஏதோ ஒருவகையில் தன்னினைவை நழுவவிடுகிறார்கள். வியப்பில் 'அயர்ந்துபோனேன்' என்று நாம் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது.

உயிர் 'உசிர்' ஆவதைப் போலவே அயர்தல் பேச்சில் 'அசர்தல்' ஆகிறது. நாற்று நட்டுவிட்டு வந்த அம்மா திண்ணையில் சாய்ந்து, 'சித்த நேரம் கண் அசந்துட்டேன்' என்று சொன்னபோது, அதில் களைப்பு, தூக்கம், கவனம் தப்பியது என மூன்றும் சேர்ந்தே ஒலித்தன. சோர்வு என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் இந்தச் செறிவு கிடைப்பதில்லை.

கொங்குப் பகுதியிலோ ஈழத்திலோ 'அயர்', 'அசர்' என்பவை வேறு பொருளில் வழங்கக் கேட்டவர்கள், யார் எந்தச் சூழலில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.